இரட்டைச் சூரியர்களும் துறைமுகத்து மணலும்

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும் இடத்திலே, வியாழனைப் போன்றதொரு பெருங்கிரகம் திரள எங்ஙனம் அவகாசம் கிட்டும் என்று திருவொற்றியூர் வாசகரொருவர் கேட்டெழுதியிருக்கிறார். இந்த விஷயத்துக்கும் நம் பட்டணத்துக்கும் பழைய சம்பந்தமுண்டு. நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் தமிழெழுத்தும் பொறித்த கருங்கல் தூணொன்று நிற்கிறதே, அது தொலைநோக்கி தாங்கிநின்ற பழைய வானாராய்ச்சிக்கூடமான நட்சத்திர பங்களாவிலிருந்துதான், 1855-ல் காப்டன் ஜேக்கப் என்பவர், ஓபியூகஸ் மண்டலத்து 70-ஆம் எண் இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் கண்ட பிசகுக்குக் கண்ணுக்குப் புலனாகாத கிரகமே காரணமாகலாமென்று எழுதினார். அக்கிரகம் இல்லையென்று பின்னர் தெளிந்தது. எனினும் அந்த ஊகத்தின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். தூணைத் தேடிப் போய்ப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

தூசி திரண்டு, பூமியைப் போல் பத்து மடங்கு கனத்த கருவாகி, நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டாய்ப் பரந்த வாயுவை வாரிக்கொள்வதே பெருங்கிரகத்தின் ஜனனம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். துணை நட்சத்திரம் தொலைவில் நின்றால், இந்த வாயுத்தட்டின் வெளிவிளிம்பை நறுக்கிவிடுகிறது. ஜோடி நெருங்கிச் சுற்றினாலோ, தட்டின் நடுவே பெரும்பள்ளத்தைக் குடைந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் கரைதான் என்னைக் கவர்ந்த அதிசயம்.

ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு இது புரிவது எளிது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துவந்த மணல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த துறைமுகச் சுவரில் முட்டிக் குவிந்து மெரினாவாக அகல, மணல் வரத்து நின்றுபோன எங்கள் பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றது. இன்றும் பாறாங்கல் கொட்டித்தான் தெருக்களைக் காக்கிறோம். அவ்வாறே, உள்நோக்கி நகரும் தூசி, வாயுவின் அழுத்தம் மிகுந்த பள்ளத்தின் கரையிலே தங்கிவிடுகிறது. ஆனால் அங்கேயே கிரகம் பிறப்பது அரிது. ஜோடியின் ஆகர்ஷணம் கற்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கிவிடும். ஆகவே கிரகம் அமைதியான வெளிப்புறத்தில் திரண்டு, வாயுவினூடே மெல்ல உள்ளே நகர்ந்து, பள்ளத்தின் கரையில் நங்கூரமிடுகிறது என்பது பெரும்பாலோர் கருத்து. 2011-ல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16 இதற்குச் சாட்சி: சூரியர்களிரண்டும் 41 நாளில் ஒன்றையொன்று சுற்ற, சனியையொத்த கிரகம் 229 நாளில் இரண்டையும் வலம்வருகிறது. இன்னும் சற்று உள்ளே வந்திருந்தால் தூக்கியெறியப்பட்டிருக்கும்.

ஜேக்கப் பார்த்த ஜோடியை வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகக் காணலாமென்று சென்ற ஆனியில் மொட்டைமாடி ஏறினேன். வடக்கே எண்ணூர்ப் புகை, தெற்கே துறைமுக விளக்குகள். நள்ளிரவு வரை தேடியும் அகப்படவில்லை.