சுவருக்குள் மறைந்த செம்பு

உப்பு மன்னார்த் தீவுக்குச் செல்வம். அதற்குப் பகையும் உப்பே. உப்பளத்தில் விளைந்து சோறு தருகின்ற அதே உப்பு, காற்றோடு கலந்து வந்து கதவுப் பூட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். சாளரக் கம்பியை அரிக்கும். மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கச் செய்யும். இத்தகைய ஊரில், கணினிகளை இணைக்கும் செப்பு வடங்களை வீடுகளிலும் அலுவலகங்களிலும் பதித்து வாழ்க்கை நடத்துபவன் நான்.

இத்தீவுக்குச் செப்புக் கம்பி புதிய விருந்தாளியன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தந்திக் கம்பி மன்னார் வழியாகவே கடலைக் கடந்தது. அக்காலக் கடல் வடங்களில் செம்பின் மேல் கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலைப் போர்த்தினர். கடல்நீர் செம்பைத் தீண்டினால் செய்தி கரையேறாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் உணர்ந்திருந்ததை நான் ஒருமுறை மறந்தேன். அக்கதையை மறைக்காமற் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1990-இல் போரினால் நின்றுபோன புகைவண்டி, 2015-இல் மீண்டும் தலைமன்னாரை வந்தடைந்தது. அந்நாட்களில் பேசாலையில் என் அக்கா புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தான். “தம்பி, பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச வேண்டும். உனக்குத் தெரிந்தபடி செய்” என்றார். எனக்குத் தெரிந்தபடிதான் செய்தேன். ஆனால் செய்யவேண்டியபடி செய்யவில்லை. செலவு ஏற்கெனவே கையை மீறியிருந்தது. பாதி விலையில் ஒரு பெட்டி வடம் கிடைத்தது, வாங்கினேன். மேசன்மார் அவசரப்படுத்தினர், குழாய் இடாமல் வடத்தை நேரே சுவரில் வைத்துப் பூசவிட்டேன்.

சில ஆண்டுகள் குறையொன்றும் தெரியவில்லை. பின்னர் அத்தான் நோயுற்றுப் பின்னறையிற் படுக்கையானார். மகனால் உடனே வர இயலவில்லை. மாலைதோறும் கணினித் திரையில் தந்தையைக் கண்டு பேசினான். ஒருநாள் மாலை அத்தான் கையைச் சற்றே உயர்த்தி, மகனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கணமே படம் உறைந்தது, குரல் அறுந்தது. நான் ஓடிச்சென்று தொடர்பை உயிர்ப்பித்தபோது அவர் கண்ணயர்ந்துவிட்டார். மூன்றாம் நாள் அவர் இல்லை. “காற்றிலே ஏதோ பிழை” என்றார் அக்கா. பிழை காற்றில் இல்லை என்பதை நான் அறிவேன்.

ஈமக்கடன்கள் முடிந்தபின் சுவரை உடைத்தேன். வடத்தை வெட்டி, கம்பியைக் கத்தியாற் சுரண்டினேன். மேலே செந்நிறம், உள்ளே வெண்மை. அது செம்பன்று, செப்புப் பூச்சிட்ட அலுமினியம். செம்பைவிட அலுமினியத்தின் மின்தடை ஏறத்தாழ 1.6 மடங்கு. இரண்டு மூன்று முறை வளைத்தால் எளிதில் முறியும். இணைப்பு முனைகளில் உப்பீரம் பட்ட இடமெல்லாம் வெண்பொடியாய் உதிர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கத் தர விதிகளும் உலகத் தர விதிகளும் இவ்வேலைக்கு அதனை ஏற்பதில்லை.

இவ்வடத்தின் அமைப்பை வாசகர் அறிந்துகொள்வது நன்று. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். மீனவர் கயிற்றை வலிமைக்காக முறுக்குவர். இங்கே முறுக்குவது இரைச்சலைத் தடுப்பதற்காக. அயலிலுள்ள மின்கம்பியின் தாக்கம் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே அளவாய்ப் படியும். மறுமுனைக் கருவியோ இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே வாசிக்கும். ஆதலால் அத்தாக்கம் கழிந்துபோகும். கிரகாம் பெல் 1881-இல் தொலைபேசிக்காகக் கண்ட இவ்வுபாயமே இன்றும் நமக்குத் துணை. ஆகவே முனையைப் பொருத்தும்போது 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கைப் பிரித்தலாகாது.

வீடு கட்டுவோர் சுவர் பூசுமுன்னரே இதற்கெனத் தனியாக ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும். எந்த அறையில் மேசை, எந்த மூலையில் நோயாளியின் கட்டில், கம்பியில்லா அலையைப் பரப்பும் பெட்டி எங்கே என்பவற்றை முதலிற் குறித்தல் நலம். அப்பெட்டிக்கும் உயிர் கொடுப்பது பெரும்பாலும் சுவருக்குள் ஓடும் கம்பியே. எல்லா அறைகளின் வடங்களும் தனித்தனியே ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். முழுத் தூரம் 100 மீற்றருக்குள் அடங்க வேண்டும். அதில் சுவருக்குள் 90 மீற்றர், இரு முனைகளிலும் தொங்கும் சிறு வடங்களுக்கு 10 மீற்றர் என்பது கணக்கு. மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் இதனை இடலாகாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாய்க் கடக்க வேண்டும். வடத்தின் தடிப்பைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைத்தலும் தகாது. குழாய் இட்டால், பழுதுற்ற வடத்தை உருவிப் புதியதைச் செலுத்தலாம், சுவரை உடைக்கவேண்டியதில்லை. கடலோரத்தில் முனைப்பெட்டிகளை ஈரம் புகாதபடி மூடுதலும், தொடுமுனைகள் பொன்முலாம் பூசியவையா என்று பார்த்தலும் அவசியம். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்பு கொண்டுசெல்வதற்குக் கண்ணாடியிழையே ஏற்றது. மாரியில் விழும் இடி செம்பின் வழியே வீட்டுக்குள் வந்துவிடும்.

இவற்றுள் எதுவும் பெருஞ் செலவன்று. பூச்சு முடிந்தபின் நல்ல வடமும் போலி வடமும் கண்ணுக்கு ஒன்றே. வீட்டுக்காரருக்குத் தெரியாது, விற்றவர் அங்கே இல்லை. சுவருக்குள் இருப்பதை அறிந்தவன் தொழிலாளி ஒருவனே. அதனாலேயே அவன் மனச்சாட்சிக்கு அங்கே வேலை மிகுதி.

அக்கா வீட்டிற் குழாயிட்டுத் தூய செம்பு வடத்தைப் புதிதாய்ப் பதித்தேன். ஞாயிறுதோறும் மருமகன் தாயோடு பேசுகிறான். சொற்கள் முறியாமல் வருகின்றன. அத்தான் அன்று சொல்ல நினைத்தது யாதென்று அவன் இன்னமும் சில வேளைகளில் என்னைக் கேட்பதுண்டு.

இன்று எந்த வீட்டுக்கு வேலைக்குச் சென்றாலும், பெட்டியைத் திறந்தவுடன் ஒரு கம்பியைச் சுரண்டி வீட்டுக்காரர் கையிற் கொடுக்கிறேன். உள்ளும் புறமும் சிவந்திருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.