இரைச்சல் திறக்கும் வழி

மும்பைத் தாராவியின் அறுபதடிச் சாலைக்கும் தொண்ணூறடிச் சாலைக்கும் இடையே கிளைத்துக் கிடக்கும் சந்துகளை ஒரு வலைப்பின்னலாகக் கொள்வோம். சந்துகள் கூடுமிடம் கணு; சந்து இணைப்பு. வழியறியாத ஒருவர் கணுவுக்குக் கணு காசைச் சுண்டித் திசை தேர்ந்தால் அது தற்போக்கு நடை. 1905இல் கார்ல் பியர்சன் இதனைக் கணக்காக எழுப்பினார். நேர்க்கோட்டில் இவ்வாறு நூறு அடி எடுத்து வைத்தவர், புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாகப் பத்தடித் தொலைவுக்குள்தான் நிற்பார்.

காசும் நடப்பவரும் குவாண்டம் விதிக்கு உட்பட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. 1993இல் அகரோனோவ், டேவிடோவிச், ஜாகுரி ஆகிய மூவர் வகுத்த நடை இது. துகள் இருபுறமும் ஒருசேர அலையாய்ச் செல்கிறது. பல வழிகளில் வந்த அலைகள் ஒரு கணுவில் கூடும்போது சில வலுக்கின்றன, சில ஒன்றையொன்று அழிக்கின்றன. நூறு அடிகளுக்குப் பின் பரவலின் அளவு பத்தன்று, ஐம்பத்து நான்கு! காலத்தின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்த நடை, காலத்தையே தொடரத் தொடங்குகிறது.

இந்த விரைவைக் குலைப்பது இரைச்சல். இங்கே அது வெப்பத்தின் நடுக்கமும் மின்காந்தப் புலங்களின் சிற்றசைவுமாகும். சூழல் துகளைத் தொடுந்தோறும் அலைகளின் கட்ட உறவு சிதைகிறது. சிதைவு மிகுந்தால் பழைய பத்தடி நடையே மிஞ்சும். ஆயினும் இரைச்சலைப் பகையென்று மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. சிறிதளவு இரைச்சல், விரைவைப் பெரிதும் கெடுக்காமல் பரவலைச் சமன்படுத்துகிறது என்று கெண்டனும் ட்ரெஜென்னாவும் 2003இல் காட்டினர். நடையின் சில சமச்சீர்மைகள் இரைச்சலுக்கு நடுவிலும் நிலைக்கின்றன என்று சந்திரசேகர், ஸ்ரீகாந்த், சுபாஷிஷ் பானர்ஜி ஆகியோர் 2007இல் நிறுவினர்.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது ஏழு கணுக்களின் கணக்கு. ஒவ்வொரு கணுவும் மற்ற ஆறோடும் ஒரே வலிமையில் இணைந்திருக்கட்டும். ஏழாவதிலிருந்து மட்டும் தாராவியை அடுத்த மாட்டுங்காப் பக்கம் வெளியேற வாயில் இருக்கட்டும். முதற்கணுவில் விட்ட துகள் வாயிலை அடையுமா? ஆறில் ஒரு பங்கு நிகழ்தகவே அடையும். மற்ற ஆறு கணுக்களிலும் ஒரே சீராய்ப் பரந்த அலைதான் ஏழாம் கணுவைத் தொடும். அந்தச் சீரலையில் முதற்கணுவின் பங்கு ஆறில் ஒன்று. எஞ்சிய ஐந்து பங்கு, ஏழாவதில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு உள்ளேயே என்றென்றும் சுழன்றுகொண்டிருக்கும். வாயில் திறந்திருக்கிறது, சாலையில் தடையில்லை, எனினும் வெளியேற வழியில்லை. இரைச்சல் அந்த அழிவின் ஒழுங்கைக் கலைத்ததும் சிறைப்பட்டதெல்லாம் படிப்படியாக வெளியேறிவிடுகிறது. இரைச்சல் அளவுமீறினாலோ துகள் நின்ற இடத்திலேயே உறைகிறது. ஆகவே சிறந்த கடத்தல் இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே அமைகிறது.

இயற்கையிலும் ஏறத்தாழ இத்தகைய அமைப்பு உண்டு. பச்சைக் கந்தக நுண்ணுயிர்களில், ஒளியாற்றலை வினைமையத்துக்குக் கடத்தும் புரதத்தின் ஒவ்வோர் அலகிலும் ஏழு நிறமி மூலக்கூறுகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எட்டாவது பின்னர் தெரியவந்தது. 2007இல் 77 கெல்வின் குளிரில் இப்புரதத்தில் நீடித்த அலைத்துடிப்புகள் காணப்பட்டபோது உலகமே ஆர்ப்பரித்தது. மறு ஆண்டே, நிறமிகளின் ஆற்றல் வேறுபாட்டால் தேங்கும் அலையை இரைச்சலே தள்ளிவிடுகிறது என்று பிளெனியோ, உவெல்கா இருவரும், லாயிட், ஆஸ்புரு-குசிக் உள்ளிட்ட மற்றொரு குழுவினரும் தனித்தனியே விளக்கினர். இவற்றுள் முதற்செய்தி, அதாவது அத்துடிப்புகள் எலக்ட்ரான் அலைகளின் கட்ட உறவு நெடுநேரம் குலையாத ஒத்திசைவு என்ற கருத்து, திருத்தப்பட்டுவிட்டது. இயல்பு வெப்பநிலையில் எலக்ட்ரான் ஒத்திசைவு சுமார் 60 ஃபெம்டோ வினாடிக்குள் மறைகிறது என்று 2017இல் அளந்தனர். இரைச்சல் கடத்தலுக்குத் துணைபுரியும் என்ற கருத்துக்கு அத்திருத்தத்தால் ஊறில்லை. ஒத்திசைவு நெடுநேரம் வாழவேண்டும் என்று அது கேட்பதேயில்லை.

மும்பையின் தென்கோடியில், கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், மீக்கடத்திச் சுற்றுகளால் அமைந்த, கியூபிட் எனும் குவாண்டம் அலகுகள் ஆறு கொண்ட செயலி ஒன்று 2024 ஆகஸ்டில் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. இத்தகைய சுற்றுகளை ஒரு கெல்வினின் நூறில் சில பங்கு அளவுக்குக் குளிர்விப்பது இரைச்சலை அடக்கவே. அடக்கிய இரைச்சலை அளந்து சிறிது சிறிதாகத் திரும்பவிடும் ஆய்வும் அங்கே நடக்கவேண்டும் என்பது என் விருப்பம். ஆறு கியூபிட்டுகளையும் ஒன்றோடொன்று ஒரே வலிமையில் இணைத்து ஒன்றில் மட்டும் வாயில் வைத்தால், இரைச்சலின்றி வெளிவரவேண்டியது ஐந்தில் ஒரு பங்கு. எந்த அளவு இரைச்சலில் எஞ்சிய நான்கும் மிக விரைவாக வெளிவருகின்றன என்பதை நேரே அளந்துவிடலாம்.