காய் விட்ட வகுப்பில் ஒரு பழம்

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை ஒதுக்கி வைக்க ஒரு சொல் போதும். ஒருத்தன் 'காய்' என்பான், இன்டர்வல் முடிவதற்குள் பெஞ்சு மொத்தமும் காய் விட்டிருக்கும். "அவன்கூடப் பேசினா உன்கூடவும் காய்" என்பது துணை விதி. எல்லாரும் பார்த்ததுதானே?

மான்ட்ரியலில் எம்.ஏ. படிப்புக்காகக் கட்டுரைகளைப் புரட்டும்போது (புரட்டாவிட்டால் பேராசிரியர் என்னைக் காய் விட்டுவிடுவார்) இதே ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று கிடைத்தது. ஆடம்ஸ், சான்டோ, புகோவ்ஸ்கி மூவரும் 2011இல் வெளியிட்டது. 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேர். நாலு நாள், தினம் பல தடவை, சற்று முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுதி வாங்கினார்கள். கூடவே எச்சிலும் எடுத்தார்கள், அதில் கார்டிசால் பார்க்க. பதற்றத்தில் ஏறுகிற ஹார்மோன் அது.

கசப்பான எதுவும் நடந்தபோது நெருங்கிய நண்பன் பக்கத்தில் இல்லையென்றால் கார்டிசால் ஏறியது, தன்மதிப்பு இறங்கியது. அவன் இருந்தால் ரெண்டும் பெரிதாக அசையவில்லை.

வகுப்புக்கே பிடித்த பிள்ளையாக இருப்பது வேறு, ஒரு நண்பன் இருப்பது வேறு. பார்க்கரும் ஆஷரும் 1993லேயே காட்டினார்கள்: வகுப்பில் அவ்வளவாகப் பிடிக்காத பிள்ளைகளிலும் பலருக்கு உற்ற தோழன் உண்டு. பெற்றோர்தான் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

டொரான்டோவில் இருக்கும் என் அக்காவே சாட்சி. பையனுக்கு 9 வயசு, புதுப் பள்ளி. சாப்பாட்டு மேசையில் "இங்கே ஆள் வருது" என்று தினமும் எழுப்பி விடுகிறார்களாம். மூணு வாரமா டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது. அக்கா திட்டம்: பிறந்தநாளுக்கு வகுப்பு மொத்தத்தையும் கூப்பிட்டு பீட்சா. எனக்கு அது வீண்செலவாகத்தான் பட்டது. பீட்சா தின்று முடித்ததும் திங்கட்கிழமை அதே மேசைதானே?

"அவன் யார் பேரையாவது வீட்டில் சொல்றானா?" என்றேன். நூலகத்தில் டைனோசர் வரையும் ஒரு பையனாம்.

"அவனையும்தான்டா யாரும் சேர்த்துக்க மாட்டாங்க" என்றாள். நியாயமான கேள்விதான். தானே நோஞ்சானாக இருக்கும் நண்பனால் அடாவடியைத் தடுக்க முடிவதில்லை என்று ஹாட்ஜஸ் குழுவினர் 1997இல் எழுதியிருக்கிறார்கள். மேசையை மீட்டுத் தர அவனால் ஆகாது. ஆனால் சாப்பிட ரெண்டு பேர் இருப்பார்கள்.

நேற்று அக்காவிடமிருந்து செய்தி: "அவங்கம்மா நம்பர் வாங்கிட்டேன். சனிக்கிழமை வர்றான். முட்டை தின்பானான்னு கேக்கணும்."