வால்வு ரேடியோவுக்கு எந்தக் கண்டன்சர்?

பழைய வால்வு ரேடியோவில் பாட்டுக்கு அடியில் விடாத இரைச்சல் கேட்டால், முதல் சந்தேகம் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சர் மேல் விழ வேண்டும். அது எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ரசாயனக் கரைசலில் ஊறிய காகிதம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் கரைசல் காய, கொள்ளளவு குறையும். டிசியாக மாறியும் அடங்காத மின்சார அலை ஸ்பீக்கர்வரை போய்விடும்.

மாற்றும்போது வோல்டேஜ் பழையதைவிடக் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை. 350 வோல்ட் இருந்த இடத்தில் 450 வோல்ட் போடலாம். அன்றைய 8, 16 மைக்ரோஃபாரட் அளவுகள் இன்று எளிதில் கிடைக்காது. 10, 22 போதும். இரைச்சல் ஒழியட்டும் என்று 220 போடுவதுதான் தவறு. ரெக்டிஃபையர் வால்வை ஒட்டிய முதல் கண்டன்சர் பெரிதானால், அது நிரம்பும் ஒவ்வொரு முறையும் வால்விலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். ஈஇசட்80 வால்வுக்கு உச்சவரம்பு 50 மைக்ரோஃபாரட். வால்வுச் சூட்டைத் தாங்க 85 டிகிரியைவிட 105 டிகிரி ரகம் நல்லது. கண்டன்சரின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும்.

மெழுகு பூசிய காகிதக் கண்டன்சரின் நோய் வேறு: அது ஈரம் உறிஞ்சி டிசியைக் கசியவிடும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கண்டன்சர் கசிந்தால், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகலாம். ரேடியோ நன்றாகப் பாடினாலும் இதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். அதே கொள்ளளவில் 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை பொருந்தும். மைக்கா, செராமிக் கண்டன்சர்களைப் பெரும்பாலும் தொடவேண்டியதில்லை.

மெயின்ஸ் கம்பிகள் இரண்டுக்கும் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2 முத்திரையுள்ளதும், மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போவதற்கு ஒய்2 முத்திரையுள்ளதுமே வேண்டும். இரண்டாவது ஷார்ட் ஆனால் சேஸிஸைத் தொடுபவருக்கே ஷாக்.

ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் உயிர்போக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியே அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக்கில் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ரேடியோவை ஓடவிட்டுப் பார்த்தால், தப்பு எந்த இணைப்பில் நேர்ந்தது என்று தேடி அலைய வேண்டியிராது.