கற்ற தொழிலே மூலதனம்

பெங்களூரிலிருந்து நந்தி மலைக்கு அதிகாலையில் மிதிவண்டியில் செல்வோரைக் காணுந்தோறும் ஓவியர் பி. கே. மகானந்தியா என் நினைவுக்கு வருவார். ஒடிசாவில் பிறந்து, டெல்லி கன்னாட் பிளேசில் வழிப்போக்கர்களின் முகங்களை வரைந்து பிழைத்தவர் அவர். 1975 டிசம்பரில் அங்கே படம் வரைந்துகொள்ள வந்த சுவீடன் நாட்டுப் பெண் சார்லட்டை மணந்தார். மனைவி தாயகம் திரும்பினார். விமானக் கட்டணத்துக்கு வழியற்ற மகானந்தியா, உடைமைகளை விற்று மிதிவண்டி வாங்கி, 1977 ஜனவரி 22 அன்று தனியே புறப்பட்டார்.

அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்த காலம் அது. ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி ஆகிய மலைநாடுகளின் வழியே நாளொன்றுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் மிதித்தார். வழியெங்கும் படம் வரைந்தார். சிலர் பணம் தந்தனர், சிலர் உணவும் இடமும் அளித்தனர். மே மாத இறுதியில் ஐரோப்பாவை அடைந்து, எஞ்சிய தொலைவை இரயிலில் கடந்து மனைவியைச் சேர்ந்தார்.

பிள்ளைகளின் பெயரில் வைப்புக் கணக்குத் தொடங்க வரும் பெற்றோரிடம் இவ்வரலாற்றை நான் சொல்வதுண்டு. சேமிப்பு அவசியம், அதனோடு ஒரு தொழிலையும் கற்பியுங்கள். எந்த நாட்டு எல்லையிலும் மாற்றத் தேவையில்லாத நாணயம் அது.