வலிக்காத புண்: நீரிழிவும் பாக்டீரியாவும்



நீரிழிவு பற்றிய கருத்துணர்தல் பகுதியில் "நோயாளியின் காலை ஏன் வெட்ட நேர்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலானோர் "சர்க்கரை கூடியதால்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், சர்க்கரைக்கும் வெட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? கொஞ்சம் பார்ப்போமா?

எங்கள் மாமா தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வெறுங்காலோடு நடந்தவர். இரண்டு நாள் கழித்து அத்தைதான் அவருடைய பெருவிரலின் அடியில் கொப்புளம் உடைந்திருப்பதைப் பார்த்தார். "வலிக்கலையே, விடு" என்றார் மாமா. அந்த 'வலிக்கலையே'தான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். சுடுகிற தார்ச்சாலையும் தெரியாது, சப்பாத்துக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது. காலுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் குறுகினால் பிராணவாயுவும் மருந்தும் புண்ணுக்குப் போய்ச் சேருவது சிரமம். கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடும்.

இனி பாக்டீரியா. புதுப் புண்ணில் பெரும்பாலும் இருப்பவை நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். நாள்பட்ட புண்ணில் பல இனங்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸும் அடிக்கடி சேர்ந்துகொள்ளும். இவை வழவழப்பான படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் பதுங்குவதால் மருந்து எளிதில் உள்ளே நுழையாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். புண்ணில் பாக்டீரியா இருப்பது வேறு, புண்ணில் தொற்று ஏற்படுவது வேறு. திறந்த புண் எதிலும் பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். வீக்கம், சுற்றிலும் சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது இருந்தால்தான் மருத்துவர் அதைத் தொற்று என்பார். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆண்டிபயாட்டிக் வேண்டாம் என்பது அனைத்துலக வழிகாட்டி. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவருக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன்!

மாமா என்ன செய்தார்? மஞ்சள் பூசினார். முன்பு எதற்கோ வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆண்டிபயாட்டிக்கை நாலு நாள் விழுங்கினார். எந்தப் பாக்டீரியா என்று தெரியாமல் போட்ட மருந்து, அதுவும் அரைகுறையாக. கடைசியில் மருத்துவர் மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தபோது எலும்பு தட்டுப்பட்டது. அப்படித் தட்டுப்பட்டால் எலும்பிலும் தொற்று இருக்கும் என்று பலமாகச் சந்தேகிப்பார்கள்.

சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும் என்று நினைக்கக் கூடாது. செத்த சதையை வெட்டி அகற்ற வேண்டும். பஞ்சால் மேலே துடைத்து எடுப்பதைவிட, ஆழத்திலிருந்து சிறு திசு எடுத்துச் சோதித்தால்தான் உண்மையான பாக்டீரியா பிடிபடும். தோல், சதை அளவில் நிற்கும் தொற்றுக்குப் பொதுவாக 1 முதல் 2 வாரம் மருந்து போதும். எலும்பை அகற்றாமல் காப்பாற்றப் பார்த்தால் 6 வாரம். இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அடைப்பையும் நீக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இன்னொன்று: புண்மீது உடல் எடை விழவே கூடாது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே அதே காலை ஊன்றி நடந்தால் புண் எப்படி ஆறும்?

மாமாவுக்குப் பெருவிரல் போனது, பாதம் தப்பியது.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. உங்கள் வகுப்பில் தாத்தா பாட்டிக்கு 'இனிப்புநீர்' இல்லாத வீடுகள் எத்தனை? மாணவர்களே, இன்றிரவு அவர்களின் பாதங்களை, விரலிடுக்குகள் உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில், தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அவர்களே பார்த்துக்கொள்ளலாம். புண்ணைக் கண்டால் ஓரிரு நாளில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சிவப்பு பரவினாலோ, விரல் கறுத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை.