வெங்காயமும் பூண்டும் இல்லாத ஆறு வாரங்கள்

சென்ற ஆண்டு எங்கள் குடல் நோய்ப் பிரிவுக்கு ஓர் அம்மையார் மறுபரிசோதனைக்கு வந்தார். அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்பு, வயிற்று உப்புசத்துக்காகச் சில உணவுகளை நீக்கிச் சாப்பிடும்படி சொல்லி அவரிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தோம். அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். அதில் கண்ட உணவுகளில் ஒன்றைக்கூட அன்றிலிருந்து அவர் தொடவில்லை. உப்புசம் குறைந்திருந்தது, உடல் எடையும் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். “பத்தியம் முறிந்துவிடக் கூடாதே, டாக்டர்” என்றார். தாளை வாங்கிப் பார்த்தோம். எவற்றை நீக்க வேண்டும் என்று விரிவாக எழுதியிருந்தோம். எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. பிழை எங்களுடையது. அதன் விளைவே இக்கட்டுரை.

அவருக்கு இருந்தது எரிச்சல் குடல் நோய். மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பார்கள். (காவல்துறைப் பதவி நினைவுக்கு வந்து சிரிப்பவர்கள் உண்டு, நோய் உள்ளவர்கள் சிரிப்பதில்லை.) எண்டோஸ்கோப்பியில் குடல் நலமாகவே தெரியும். ஆனால் வயிற்றுவலி, உப்புசம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை மாறி மாறி வரும். இந்நோய் உள்ளவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்ததே, நாங்கள் பரிந்துரைக்கும் ‘ஃபாட்மேப்’ விலக்கு உணவுமுறை. ஃபாட்மேப் என்பது சிறுகுடல் முழுமையாக உறிஞ்சாமல் விட்டுவிடும் சில சர்க்கரைகளின் கூட்டுப்பெயர். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃப்ரக்டன், பயறு வகைகளில் உள்ள காலக்டன், பாலில் உள்ள லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் மிகுந்துள்ள ஃப்ரக்டோஸ் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. சர்க்கரை இல்லாதவை என்று விற்கப்படும் மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சார்பிட்டாலும் இவ்வகையே.

இச்சர்க்கரைகள் குடலுக்குள் நீரை இழுக்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் இவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். எரிச்சல் குடல் நோய் உள்ளவரின் குடல் நரம்புகள் அந்த விரிவை வலியாக உணர்கின்றன. இது ஒவ்வாமை அன்று. எனவே ஒரு துணுக்கு வெங்காயம் தெரியாமல் வாயில் பட்டுவிட்டால் ஆபத்து எதுவுமில்லை. இங்கே அளவே கணக்கு. ஒருவருக்கு இரண்டு சப்பாத்தி ஒத்துக்கொள்ளும், நான்கு ஒத்துக்கொள்ளாது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதற்காகவே உணவை நீக்குகிறோம். நம் மரபில் பத்தியம் என்றால் மருந்து முடியும் வரை விலகி நிற்பது. இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினால், மருந்து எதுவும் இல்லாததால், முடிவும் இல்லாமல் போய்விடுகிறது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிட்டு எங்களிடம் வராதீர்கள். சீலியாக் என்னும் வேறொரு நோயை அறியும் இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உணவை மாற்றுவதற்கு முன் பரிசோதனைகள் தேவை. குழந்தைகள், கருவுற்றவர்கள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரும் உணவியல் நிபுணரும் உடன் இருந்து வழிகாட்டாமல் இதைத் தொடங்கக் கூடாது.

இனிச் சமையலறைக்கு வருவோம். வெங்காயம், பூண்டு இல்லாமல் எதைச் சமைப்பது என்று கேட்காத குடும்பம் இல்லை. ஆனால் திவச நாள்களில் பல வீடுகளில் அப்படித்தானே சமைக்கிறோம்? மிளகு சீரக ரசம், எலுமிச்சை சாதம், எள்ளுச் சாதம், பாசிப்பருப்பைக் குறைவாகச் சேர்த்த பொரித்த கூட்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாலே சொல்லித் தருவார்கள். பூண்டு மணம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. ஃப்ரக்டன் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, நீர் சேர்ப்பதற்கு முன்பே அவற்றை எடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும். ரசத்தில் கொதித்த பூண்டை ஒதுக்கிவைப்பதால் பயனில்லை. சர்க்கரை ஏற்கெனவே நீரில் இறங்கியிருக்கும். பூண்டு எண்ணெயை அன்றன்றே செய்துகொள்ளுங்கள். புட்டியில் அடைத்து வைத்தால் கொடிய நச்சுக் கிருமி வளரக்கூடும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம்.

கோதுமையை நிறுத்தினேன் என்பவர்கள் காலையில் ரவை உப்புமா சாப்பிட்டிருப்பார்கள். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் கோதுமையே. கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகை இந்த உணவுமுறையைக் கெடுக்காது, சீலியாக் நோயாளிக்கு அதுவும் ஆகாது. மசாலாப் பொடிகளில் பூண்டுத்தூள் இருக்கிறதா என்று உறையில் பாருங்கள்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது, நீக்கியதற்கு ஈடாக எதையும் சேர்க்காமல் இருப்பதுதான். பருப்பும் பாலும் கோதுமையும் போனபின் தட்டில் வெறும் சோறும் ரசமும் மிஞ்சினால் புரதம், கால்சியம், நார்ச்சத்து மூன்றும் குறையும். முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் இச்சர்க்கரைகள் இல்லை. மசாலாவில்தான் கவனம் தேவை. சைவர்கள் நிலக்கடலையையும், ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டிவிட்டுச் சமைத்த பாசிப்பருப்பையும் அளவோடு உண்ணலாம். லாக்டோஸ் நீக்கிய பால் கடைகளில் கிடைக்கிறது. அதிலும் தயிர் உறையும். எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கால்சியம் தரும். கத்தரி, வெண்டை, பீன்ஸ், கேரட், வெள்ளரி, பசலை ஆகியவற்றில் இரண்டாவது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்; காலிஃபிளவரும் காளானும் காத்திருக்கட்டும். பழத்தில் ஆரஞ்சு, பப்பாளி, நன்கு பழுத்த கொய்யா ஆகியவை நல்லவை. வீடு முழுவதும் இப்படிச் சாப்பிட வேண்டியதில்லை. தாளிப்பதற்கு முன் ஒருவர் பங்கைத் தனியே எடுத்துவைத்தால் போதும்.

இரண்டு முதல் ஆறு வாரங்கள். அதற்குள் மாற்றம் தெரியவில்லை என்றால், இவ்வுணவுமுறை உங்களுக்கானது அன்று; பழைய உணவுக்குத் திரும்பிவிடுங்கள், வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. மாற்றம் தெரிந்தாலும் நீக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் சிலவற்றுக்கு இச்சர்க்கரைகளே உணவு. நீண்ட நாள் நீக்கினால் அவை குறைகின்றன. முதல் நாள் அரைச் சப்பாத்தி, இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. ஏனைய உணவு முன்போலவே. வலி வந்தால் அத்துடன் நிறுத்தி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் பால். அதன்பின் சுண்டல், மாம்பழம், வெங்காயம், பூண்டு என ஒன்றன்பின் ஒன்றாக. வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே நாளில் சோதித்தால் குற்றவாளி எது என்று தெரியாது.

மேலே சொன்ன அம்மையாருக்கு இச்சோதனையை முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின. கோதுமை ஒத்துக்கொண்டது, பால் ஒத்துக்கொண்டது. பூண்டும், அரைக் கிண்ணத்துக்கு மேற்பட்ட கொண்டைக்கடலையும் மட்டுமே ஒத்துக்கொள்ளவில்லை. பதினான்கு மாதங்கள் அவர் காரணமின்றித் தவிர்த்த உணவுகளை நாங்கள் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

இப்போது நாங்கள் தரும் தாளில், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதை முதல் வரியில் கையால் எழுதித் தருகிறோம். அந்த வரி வெறுமையாக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுறை வரும்போது சாப்பாட்டுக் குறிப்பேட்டையும், வீட்டில் பயன்படுத்தும் பொடிகளின் உறைகளையும், முடிந்தால் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்.